சேலத்துல சைட், வீடு, ஏற்காட்டுல எஸ்டேட்: வாங்குறவங்க கேக்குற செலவுக் கேள்விகளும் பதிலும்

சேலத்துல பத்திர வேலை பாக்குற இடத்துல இருக்கேன். வர்றவங்க எல்லாரும் சதுரடி ரேட்டை மனப்பாடமா சொல்றாங்க, மேற்கொண்டு என்னென்ன செலவு வரும்னு கேட்டா அமைதியாயிடறாங்க. அதுவும் பாதிப்பேர் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துதான் கேக்குறாங்க, அது எனக்கு உண்மையிலேயே கஷ்டமா இருக்கு. செலவுக் கணக்கு அட்வான்ஸுக்கு முன்னாடி போடணுங்க. திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்களை அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதில் போட்டிருக்கேன். வரி, கட்டணம் எல்லாம் அரசாங்கம் அப்பப்போ மாத்தும், பத்திரம் போடறதுக்கு முன்னாடி ஒருக்கா சரி பாத்துக்கோங்க.

அண்ணே, அயோத்தியாப்பட்டணம் பக்கம் 1200 சதுரடி சைட், சதுரடி 1500ன்னு 18 லட்சம் சொல்றாங்க. மொத்தமா எவ்வளவு எடுத்து வைக்கணும்?

20 லட்சத்துக்கு மேல வைங்க. ஸ்டாம்ப் டூட்டி 7 பர்சன்ட், அதாவது 1,26,000. பதிவுக் கட்டணம் 2 பர்சன்ட், 36,000. ரெண்டும் சேந்து 1,62,000. புரோக்கர் இருந்தா ஒண்ணுல இருந்து ரெண்டு பர்சன்ட் கேப்பாங்க, அது 18,000-ல இருந்து 36,000. அப்புறம் பத்திரம் எழுதுறவர் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், நகல் எடுக்கறது, சர்வேயர வச்சு அளக்கறது, பட்டா மாத்தறதுன்னு சின்னச் சின்னதா போகும், தனித்தனியா பாத்தா ஒண்ணும் பெருசா தெரியாது, கூட்டினா பல ஆயிரம் வந்துரும்.

இது வாங்கி முடிக்கற வரைக்கும் ஆகற செலவுதான். மூலைக்கல் நடறது, கம்பி வேலி, மேடு பள்ளம் இருந்தா மண் அடிக்கறது இதெல்லாம் தனி. அதனால சைட் விலைக்கு மேல 12 பர்சன்டாவது கையில இல்லாம அட்வான்ஸ் போடாதீங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்வேன், அதையும் கடன் வாங்கி வைக்காதீங்க.

எங்க அண்ணன் வாங்கினப்போ 11 பர்சன்ட்னு சொன்னாரே, நீங்க 9-ங்கறீங்க?

அவர் சொன்னதும் சரிதான், அப்போ அப்படி இருந்துச்சு. 2017-ல கைடுலைன் வேல்யூவ, அதாவது பதிவுத்துறை வச்சிருக்கற குறைஞ்சபட்ச விலைய, 33 பர்சன்ட் குறைச்சுட்டு, பதிவுக் கட்டணத்த 1-ல இருந்து 4 ஆக்கினாங்க, 7-ம் 4-ம் சேந்து 11. 2023-ல கைடுலைன ஏத்திட்டு கட்டணத்த 2 ஆக்கினாங்க. அப்புறம் 2024 ஜூலையிலயும் கைடுலைன் மாறுச்சு. பர்சன்ட் குறைஞ்சிருக்கேன்னு சந்தோஷப்பட முடியாது, எந்தத் தொகைக்கு அந்தப் பர்சன்ட் போடறாங்களோ அது ஏறியிருக்கு. அண்ணனோட பழைய பத்திரத்த வச்சு உங்க செலவ கணக்குப் போடாதீங்க.

கைடுலைன் வேல்யூன்னா என்ன சார்? நாங்க பேசின விலை வேற, அது வேறயா இருக்கு.

இந்தத் தெருவுக்கு, இந்த சர்வே நம்பருக்கு குறைஞ்சது இவ்வளவுன்னு பதிவுத்துறை வச்சிருக்கற விலை. டிஎன்ரெஜிநெட் வெப்சைட்ல யார் வேணா இலவசமா பாக்கலாம். நீங்க பேசின விலை, கைடுலைன் விலை, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் 9 பர்சன்ட். அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் தெருவுக்குத் தெரு மாறும், அதனால தெரு பேரும் சர்வே நம்பரும் ரெண்டுமே போட்டுப் பாருங்க.

கைடுலைன விடக் குறைச்சு நீங்க வாங்கினா அது நல்ல பேரம்தான், ஆனா வித்தியாசம் 10 பர்சன்டுக்கு மேல போயி, தொகையும் 50,000-த்த தாண்டினா, அந்த வித்தியாசத்த உங்களுக்கு வந்த வருமானம்னு எடுத்து வருமான வரி போடுவாங்க. இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வர்றப்போதான் தெரியுது. பத்திரத்துல போட்ட விலை குறைவுன்னு சார்பதிவாளருக்குத் தோணினா முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவு போட்டு விலைய மறுபடி நிர்ணயிக்க அனுப்பிருவாங்க, பத்திரம் கைக்கு வராம இழுக்கும்.

வீட்டுக்காரி பேர்ல போட்டா செலவு குறையுமா?

சொத்து மதிப்பு 10 லட்சம் வரைக்கும் இருந்தா பதிவுக் கட்டணத்துல 1 பர்சன்ட் குறையும், 2025 ஏப்ரல்ல இருந்து இருக்கு. முதல் கேள்வில பாத்த 18 லட்சம் சைட்டுக்கு இது வராது. ஆனா குறையுதோ இல்லையோ, அவங்க பேரும் பத்திரத்துல இருக்கறது நல்லது, அவங்க நகைய வித்துத்தான் பாதி சைட் இங்க வாங்கப்படுது.

அப்பா பேர்ல வாங்கிட்டு அப்புறம் எனக்கு மாத்திக்கலாமா? மறுபடி 9 பர்சன்ட் கட்டணுமா?

வேண்டாம். குடும்பத்துக்குள்ள தான செட்டில்மென்ட், அதாவது காசு வாங்காம எழுதிக் குடுக்கறது, பண்ணினா ஸ்டாம்ப் டூட்டி 1 பர்சன்ட், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 பர்சன்ட், அதிகபட்சம் 10,000. ஆனா யாரு யாரு குடும்பம்னு சட்டத்துல பட்டியல் இருக்கு, மச்சான், மாமனார் எல்லாம் அதுல வரமாட்டாங்க. அப்பாவுக்கு வேற பிள்ளைகள் இருந்தா முன்கூட்டியே எல்லாரும் உக்காந்து பேசிக்கோங்க, கோர்ட்டு செலவுக்கு அதிகபட்சம்னு ஒண்ணு கிடையாது.

புரோக்கர் கமிஷன் யார் குடுக்கணும்? ரெண்டு பேர்கிட்டயும் வாங்குறாங்களே?

எழுதி வச்ச சட்டம் எதுவும் இல்ல, நம்ம ஊர் வழக்கத்துல ரெண்டு பக்கமும் வாங்குவாங்க. தோட்டம், காடு மாதிரி பெரிய தொகைன்னா பர்சன்ட பேசிக் குறைக்கலாம். இடத்த காட்டறதுக்கு முன்னாடியே பேசிருங்க, பத்திரம் போடற அன்னைக்குப் பேசினா உங்க கை கட்டின மாதிரி ஆயிரும். இன்னொண்ணு, நடுவுல ரெண்டு மூணு பேர் இருந்தா ஒவ்வொருத்தரும் விலைமேல கொஞ்சம் ஏத்தி வச்சிருப்பாங்க, ஓனர நேர்ல பாத்து அவர் வாயால விலை கேக்காம விடாதீங்க.

வில்லங்கம் நானே ஆன்லைன்ல பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. வக்கீலுக்கு வேற தண்டமா எதுக்கு காசு?

தண்டம் இல்லீங்க. மொத்தச் செலவுல ரொம்பச் சின்னது இதுதான், இதுலதான் எல்லாரும் மிச்சம் பிடிக்கப் பாக்குறாங்க. ஈசில, அதாவது வில்லங்கச் சான்றுல, பதிவான பத்திரம் மட்டும்தான் வரும். பதியாத உயில் வராது, பங்கு குடுக்காம விட்ட அக்கா தங்கச்சி பேர் வராது, கோர்ட்டுல நடக்கற வழக்கு எல்லாமே அதுல வந்துரும்னும் சொல்ல முடியாது. வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, எஃப்எம்பிங்கற நில அளவைப் படம் எல்லாத்தையும் கோத்துப் பாத்து எங்க அறுந்திருக்குன்னு சொல்றதுக்குத்தான் வக்கீல். குறைஞ்சது 30 வருஷ ஈசியோட போங்க.

பட்டா, சிட்டா, எஃப்எம்பி எல்லாம் அரசு இ-சர்வீசஸ் வெப்சைட்லயே பாக்கலாம், காசு இல்ல. பஞ்சமி நிலமான்னு மறக்காம பாக்கச் சொல்லுங்க. அது வெள்ளைக்காரன் காலத்துல நிலமில்லாத பட்டியல் சாதி மக்களுக்குன்னு ஒதுக்கின நிலம், மத்தவங்க வாங்கினா செல்லாது. அவங்களுக்குச் சேரவேண்டியத விலை கம்மின்னு வாங்கறது நியாயமும் இல்ல, போட்ட காசும் போயிரும்.

அப்ரூவ்டு சைட்டுக்கு 1500, பக்கத்துலயே அன்அப்ரூவ்டு 800-க்கு கிடைக்குது. அப்புறமா அப்ரூவல் வாங்கிக்கலாம்ல?

இந்தக் கேள்விதான் அதிகமா வருது. 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் அப்ரூவல் இல்லாத மனைய பதியக்கூடாதுன்னு நிறுத்துச்சு, 2017-ல வரன்முறை விதி, அதாவது பழைய அன்அப்ரூவ்டு மனைய கட்டணம் கட்டி சரி பண்ணிக்கற வழி, கொண்டுவந்தாங்க. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி மனையா பதிவானதுக்குத்தான் அந்த வழி. அதுக்கப்புறம் புதுசா விவசாயக் காட்ட கல்லு நட்டு பிரிச்சு வித்தா அதுக்கு வரன்முறை கிடையாது. அப்போ 800-ங்கறது சைட்டோட விலையே இல்ல, வீடு கட்ட முடியாத ஒரு துண்டு காட்டோட விலை.

2016-க்கு முன்னாடிப் பழைய மனையா இருந்தா வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் ரெண்டும் உண்டு, அதை யாரு கட்டறதுன்னு அக்ரிமென்ட்லயே எழுதுங்க. வரன்முறை ஆகாம பிளான் அப்ரூவல் கிடைக்காது, பேங்க் லோன் கிடைக்காது, நாளைக்கு விக்கப் போனா வாங்கறவனும் இதே கேள்வியத்தான் கேப்பான். புது லேஅவுட்னா டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் நம்பரோட ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு நம்பரும் கேளுங்க, 500 சதுர மீட்டருக்கு மேல போற லேஅவுட்டுக்கு ரெரா கட்டாயம்.

பேங்க்ல 90 பர்சன்ட் லோன் தர்றாங்களாமே, அப்போ கையில கொஞ்சமா இருந்தாப் போதும்ல?

30 லட்சம் வரைக்கும் உள்ள வீட்டுக் கடனுக்கு 90 பர்சன்ட் வரை குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லுது, 30-ல இருந்து 75 லட்சம் வரை 80, அதுக்கு மேல 75. குடுக்கலாம்னுதான் இருக்கு, குடுத்தே ஆகணும்னு இல்ல. காலி மனைக்கு இன்னும் குறைச்சுத்தான் தருவாங்க. பத்திரச் செலவு பொதுவா இந்தக் கணக்குல சேராது, முதல் பதில்ல சொன்ன அந்த 9 பர்சன்ட் உங்க கைக்காசு.

லோனுக்குன்னு தனிச் செலவும் இருக்கு. பிராசசிங் ஃபீஸ், பேங்க் வக்கீல் ஃபீஸ், வேல்யூவர் ஃபீஸ், அப்புறம் பத்திரத்த அடமானம் வைக்கறதுக்கு எம்ஓடிங்கற ஒப்படைப்புப் பத்திரம் போடணும், அதுக்கு கடன் தொகையில அரை பர்சன்ட் ஸ்டாம்ப் டூட்டி, உச்சவரம்பு உண்டு, பதிவுக் கட்டணம் தனி. கடன் முடிஞ்சதும் ரசீது பத்திரம் போட்டு அந்த எம்ஓடிய கேன்சல் பண்ணணும், அத மறந்துட்டு பத்து வருஷம் கழிச்சு விக்கப் போறப்போ ஈசில அடமானம் அப்படியே நிக்கும்.

வட்டிதான் பெரிய செலவு. 30 லட்சம், 8.5 பர்சன்ட், 20 வருஷம்னா மாசம் 26,000 சொச்சம் கட்டணும். மொத்தமா கட்டற தொகை 62 லட்சத்துக்கு மேல. இடையில போனஸ், சீட்டுப் பணம்னு எது வந்தாலும் அசல்ல கட்டுங்க, மாறும் வட்டி வீட்டுக் கடன்ல அதுக்கு அபராதம் கிடையாது.

பத்திரத்துல குறைச்சுக் காட்டி மிச்சத்த ரொக்கமா குடுத்தா 9 பர்சன்ட் மிச்சமாகும்ல?

கணக்கு போட்டே காட்டறேன். 18 லட்சம் சைட்ட 10 லட்சம்னு எழுதினா 8 லட்சத்துக்கு 9 பர்சன்ட், 72,000 மிச்சம். நாளைக்கு 30 லட்சத்துக்கு விக்கறீங்கன்னு வைங்க, லாபம் 12 லட்சம்னு இருக்கவேண்டியது பேப்பர்ல 20 லட்சம் ஆயிரும். 12.5 பர்சன்ட் வரின்னா கூடுதலா 1 லட்சம் கட்டணும். 72,000 மிச்சம் பிடிச்சு 1 லட்சம் குடுக்கறீங்க.

போதாததுக்கு, சொத்துக்குன்னு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வாங்கினவருக்கு அதே தொகை அபராதம். பேங்க் பத்திரத்துல இருக்கற விலைக்குத்தான் லோன் தரும். பிரச்சனைன்னு கோர்ட்டுக்குப் போனா ரொக்கமா குடுத்ததுக்கு சாட்சியும் இல்ல. தயவுசெஞ்சு உள்ள விலைய எழுதுங்க.

அழகாபுரத்துல ஃபிளாட் பாக்குறோம். ஜிஎஸ்டின்னு ஒண்ணு சேத்துச் சொல்றாங்களே?

கட்டிக்கிட்டு இருக்கற ஃபிளாட்டுக்கு 5 பர்சன்ட் ஜிஎஸ்டி உண்டு. 45 லட்சத்துக்குள்ள, நம்ம ஊர்ல 90 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்குள்ள (வீட்டுக்குள்ள புழங்கற தரை அளவு) இருந்தா 1 பர்சன்ட். கட்டி முடிச்சு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கினதுக்கு அப்புறம் வாங்கினா ஜிஎஸ்டி இல்ல, மனைக்கும் இல்ல. புது ஃபிளாட்டுக்கு முதல் விற்பனையில ஸ்டாம்ப் டூட்டி குறைவு, 50 லட்சம் வரை 4 பர்சன்ட், 3 கோடி வரை 5, பதிவுக் கட்டணம் வழக்கம்போல 2. இது 2023 டிசம்பர்ல வந்தது.

கார் பார்க்கிங், மெயின்டனன்ஸ் டெபாசிட், ஈபி டெபாசிட், தண்ணி கனெக்ஷன் இதெல்லாம் விலைக்குள்ளயா வெளியவான்னு எழுதி வாங்குங்க. யுடிஎஸ், அதாவது நிலத்துல உங்க பங்கு, எவ்வளவுன்னும் கேளுங்க, கட்டடம் பழசாகும், மண்ணுதான் மிச்சம் நிக்கும்.

வாங்கிப் போட்டாச்சு, சும்மா கிடக்கட்டும். சும்மா கிடக்கற இடத்துக்கு என்ன செலவு?

காலியிட வரி இருக்கு. மாநகராட்சிக்குள்ளன்னா அரையாண்டுக்கு ஒருக்கா, கட்டாம விட்டா பிளான் அப்ரூவலுக்குப் போறப்போ மொத்தமா நிலுவை கேப்பாங்க. வருஷத்துக்கு ஒருக்காவாவது புதர வெட்டணும், கல்லு இருக்கா, பக்கத்து சைட்டுக்காரர் வேலிய தள்ளி நட்டிருக்காரான்னு பாக்கணும். ஊருக்கு வெளிய வாங்கிட்டு பெங்களூருல, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

போட்ட காசுக்கு வட்டியும் செலவுதான். 20 லட்சம் அஞ்சு வருஷம் அதுல முடங்கிக் கிடக்குன்னா பேங்க்ல போட்டிருந்தா என்ன வந்திருக்குமோ அதையும் சைட்டோட அடக்க விலையில கூட்டிப் பாருங்க.

வீடு கட்டி வாடகைக்கு விட்டா வர்ற வாடகையில இஎம்ஐ ஓடிரும்ல?

ஓடாதுங்க. 50 லட்சம் அடங்கின வீட்டுக்கு மாசம் 12,000 வாடகை வந்தா வருஷத்துக்கு 1,44,000, மூணு பர்சன்ட் கூட இல்ல. அதுல வீட்டு வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர், ஆள் மாறறப்போ காலியா இருக்கற மாசம் எல்லாம் போகணும். வருமான வரியில வாடகைக்கு 30 பர்சன்ட் கழிவு உண்டு, அது ஒரு சின்ன ஆறுதல். வாடகைய நம்பி இஎம்ஐ எடுக்காதீங்க.

கட்டறவங்களுக்கு இன்னொண்ணு. 2500 சதுரடி மனைக்குள்ள, 3500 சதுரடி வரைக்கும், தரைத்தளமும் ஒரு மாடியும்னா 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி வாங்கிக்கலாம். கட்டணம் உண்டு, அலைச்சல் குறைவு. போர் செலவ மட்டும் குறைச்சுப் போடாதீங்க, சேலம் முழுக்க கடும்பாறை, பக்கத்து வீட்ல 400 அடியில தண்ணி வந்துச்சுன்னு உங்க வீட்லயும் வரும்னு இல்ல, ஆயிரம் அடி போயும் தண்ணி இல்லாம புகை பறந்த இடம் இருக்கு.

ஏற்காட்டுல சின்னதா ஒரு காப்பித் தோட்டமோ கெஸ்ட் ஹவுஸ் இடமோ வாங்கலாம்னு ஆசை. கீழ மாதிரிதானே செலவு?

பத்திரச் செலவு அதேதான், மத்த எதுவும் கீழ மாதிரி இல்ல. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிக்குள்ள வருது, கட்டடம்னா கனிமவளம், வேளாண் பொறியியல், வனத்துறைன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கருத்து வாங்கணும். அந்த அலைச்சலுக்கு ஆகற மாசங்களும் காசும் யாரும் முன்னாடி சொல்றதில்ல. மலையில மரம் வெட்ட அனுமதி வேணும், 1955-ல இருந்தே சட்டம் இருக்கு, அதனால இருக்கற சில்வர் ஓக்க வித்து இடத்து விலைய எடுத்துரலாம்னு யாராவது சொன்னா அந்தப் பேச்ச கணக்குல சேக்காதீங்க.

செங்கல், எம் சாண்ட், கம்பி எல்லாம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வரணும், லோடுக்கு வண்டி வாடகை கூடும், மேல போய் ரோட்டுல இறக்கி இடத்துக்கு உள்ள சுமக்கற கூலி வேற. சரிவுல கட்டினா தடுப்புச் சுவர் கட்டாயம், சில இடத்துல வீட்டு அஸ்திவாரத்த விட அந்தச் சுவருக்கு அதிகமா போகும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு வண்டி போக முடியாம நின்னத பாத்திருப்பீங்க. அதனால இடத்த ஐப்பசி மழையில ஒருக்கா, பங்குனி வெயில்ல ஒருக்கா போய்ப் பாருங்க, முதல்ல போனா தண்ணி எங்க ஓடுதுன்னு தெரியும், ரெண்டாவது போனா குடிக்கத் தண்ணி இருக்கான்னு தெரியும்.

பாதை முக்கியம். எஸ்டேட்ட பிரிச்சு விக்கறப்போ உள்ள போற வழி இன்னொருத்தர் பட்டாவுல இருக்கும், பாதை உரிமை பத்திரத்துல எழுதியிருக்கணும். மலைவாழ் மக்களுக்கு அரசாங்கம் குடுத்த நிபந்தனைப் பட்டா நிலம்னா தொடவே வேண்டாம், மேல பஞ்சமி நிலத்துக்குச் சொன்ன அதே காரணம். காப்பித் தோட்டம்னா களை எடுக்க, நிழல் கவாத்து பண்ண, பழம் பறிக்க ஆள் கூலி வருஷா வருஷம் உண்டு, விளைச்சல் வர்ற வருஷமும் வராத வருஷமும் கூலி ஒண்ணுதான்.

வீடு 55 லட்சம். 1 பர்சன்ட் டிடிஎஸ் பிடிக்கணும்னு ஆடிட்டர் சொல்றாரு, அது எனக்குக் கூடுதல் செலவா?

செலவு இல்ல, கடமை. 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா விக்கறவருக்குத் தர்ற பணத்துல 1 பர்சன்ட் பிடிச்சு அவர் பான் நம்பர்ல நீங்க கட்டணும். இங்க 55,000. பிடிக்க மறந்தாதான் உங்களுக்குச் செலவு, வட்டியோட ஒரு நாளுக்கு 200 ரூபாய்னு தாமதக் கட்டணம் ஏறும். கணவன் மனைவி பாதிப்பாதின்னு பிரிச்சு வாங்கினாலும் மொத்த விலையத்தான் பாப்பாங்க. விக்கறவர் வெளிநாட்டுல இருக்கறவர்னா 1 பர்சன்ட் கணக்கே வேற, நேரா ஆடிட்டர்கிட்ட போயிருங்க.

ஓனர் வெளியூர்ல இருக்காராம், பவர் வாங்கினவர் விக்கறாரு. விலை கம்மிதான், வாங்கலாமா?

பவர் வச்சிருக்கறவர் ஓனருக்காக கிரையம் எழுதிக் குடுக்கலாம், அது சரி. நீங்களும் கிரையத்துக்குப் பதிலா பவர் மட்டும் எழுதி வாங்கிக்கிட்டு செலவ குறைக்கலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. பவர் பத்திரத்தால சொத்து உங்களுதாகாதுன்னு 2011-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. குடும்பத்துக்கு வெளிய பவர் குடுக்கவே இப்போ சொத்து மதிப்புல 1 பர்சன்ட் கட்டணம், அதனால மிச்சமும் பெருசா இல்ல. ஓனர் உயிரோட இருக்காரான்னு நேர்ல பாருங்க, போன்ல கேட்டா பத்தாது. அவர் இறந்துட்டா பவரும் அதோட முடிஞ்சுது.

விக்கறப்போ வர்ற வரி எவ்வளவு? எந்தச் செலவெல்லாம் கழிக்கலாம்?

ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபத்துல 12.5 பர்சன்ட். 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கினதா இருந்தா, இங்கயே குடியிருக்கற தனிநபர்னா, பணவீக்கத்த கழிச்சு 20 பர்சன்ட்னும் கணக்கு போட்டு எது குறைவோ அதக் கட்டலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள வித்தா உங்க மத்த வருமானத்தோட சேத்து ஸ்லாப் படி.

வாங்கறப்போ கட்டின ஸ்டாம்ப் டூட்டி, பதிவுக் கட்டணம், வீடு கட்டின செலவு எல்லாம் அடக்க விலையில சேரும், விக்கறப்போ புரோக்கருக்குக் குடுத்தத கழிக்கலாம். எல்லாத்துக்கும் பில்லு, பேங்க் மூலமா குடுத்த ஆதாரம் வேணும். முதல் நாள்ல இருந்தே ஒரு ஃபைல் போட்டு எல்லா ரசீதையும் அதுல வைங்க.

எங்க தோட்டத்த வித்தா வரியே இல்லன்னு ஊர்ல சொல்றாங்க, நிஜமா?

இடத்தப் பொறுத்தது. கிராமத்து விவசாய நிலத்துக்கு இந்த வரி இல்ல, ஆனா எது கிராமம்ங்கறதுக்கு அளவு இருக்கு. 10 லட்சத்துக்கு மேல ஜனத்தொகை உள்ள ஊர்னா எல்லையில இருந்து 8 கிலோமீட்டர், 1 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைன்னா 6, 10,000-த்துல இருந்து 1 லட்சம் வரைன்னா 2 கிலோமீட்டர் தாண்டி இருக்கணும். சேலம் மாநகராட்சி 2011 கணக்குப்படி 8 லட்சம் சொச்சம், அதனால 6 கிலோமீட்டர். ஆத்தூர் நகராட்சின்னா 2. ரோட்டுத் தூரம் கணக்கில்ல, நேர்கோட்டுத் தூரம். மீட்டர் போட்டு 8 கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு வந்தவருக்கு நேர்கோட்டுல அஞ்சரை வரலாம்.

பக்கத்துல பேரூராட்சி இருந்தா அதோட ஜனத்தொகையும் பாருங்க, அதுக்கும் இதே அளவு பொருந்தும். விக்கறதுக்கு முன்னாடியே தூரத்துக்கு வருவாய்த்துறை சான்றும், பயிர் வச்சதுக்கு அடங்கலும் வாங்கி ஃபைல்ல வைங்க, வித்து கை மாறினதுக்கு அப்புறம் உங்க பேர்ல அடங்கல் கேட்டு வாங்கறது கஷ்டம்.